ஒன்றரை அடி

ஆர்க்கிடெக்டுக்கும் ஆசாரிக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது என்னைக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். ஒன்றரை அடி. எப்படி என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு வாருங்கள்.

தோட்டம் என்றதும் ஊட்டி பொட்டானிகல் கார்டனை நினைத்துக்கொள்ள வேண்டாம். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பழைய வீடு. அதன் பின்னால் நாலு வாழை, ஒரு கறிவேப்பிலை, துணி காயப்போடும் கொடி, அந்தக் கொடியில் எப்போதும் தொங்கும் என் பனியன். முன்பெல்லாம் நடுநாயகமாக ஒரு வேப்பமரம் இருந்தது. 1978-ல் கிரகப்பிரவேசத்தன்று அப்பா நட்டது. அப்பா போன பிறகும் அது இருந்தது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்து சென்னை முழுக்க ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததே, அதில் எங்கள் வேம்பும் ஒன்று.

மறுநாளே விறகுக் கடைக்காரர் விலை பேச வந்துவிட்டார். அம்மா வாசலில் வந்து நின்றாள். "அதை விறகுக்குப் போடறதுன்னா என்னையும் சேர்த்து எடை போட்டுடு" என்றாள். விறகுக் கடைக்காரர் அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் என்ன? மரத்தை மில்லுக்கு எடுத்துப்போய் அறுத்து, ஐந்துக்கு ஐந்து அங்குலத்தில் நாலு பெரிய சட்டம், மற்றபடி துண்டு துணுக்கு, கோணல் கிளைகள் எல்லாவற்றையும் கார் ஷெட்டில் அடுக்கினோம். அன்றிலிருந்து கட்டை நிழலில், கார் வெயிலில். "ஊர்ல எல்லாரும் காருக்கு ஷெட் போடறாங்க. நாம கட்டைக்குப் போட்டிருக்கோம்" என்று மனைவி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அறிமுகம் செய்துவைத்தாள்.

இந்த நிலையில்தான் அக்கா பையன் வந்தான். ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம். தோளில் மடிக்கணினி, கையில் சுருட்டிய காகிதம், முகத்தில் பத்து நாள் தாடி.

"மாமா, எங்களுக்கு இந்த செமஸ்டர்ல ஒரு ப்ராஜெக்ட். சின்னதா ஒண்ணை டிசைன் பண்ணி நாங்களே கையால கட்டணும். உங்க தோட்டத்துல மரத்துல ஒரு ஷெல்ட்டர் கட்டித் தர்றோமே? பத்துக்குப் பத்து. பாட்டி உட்கார்ந்து காத்து வாங்கலாம்."

"செலவு?"

"மரம் உங்ககிட்டயே இருக்கு. லேபர் ஃப்ரீ."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஷெட் காலியாகுமா?"

"ஆயிடும் அத்தை."

"அப்ப நாளைக்கே ஆரம்பிங்க."

அம்மாதான் ஆடி மாசத்தில் கூடாது என்று ஆவணி பிறக்கும்வரை நிறுத்திவைத்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம். ஐந்து வருஷம் படித்துவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்து படம் வரையப் போகிறவனுக்கு ரம்பம் எதற்கு? அக்கா பையன் எனக்கு வகுப்பெடுத்தான். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 1967-ல் சார்லஸ் மூர் என்கிற ஆர்க்கிடெக்ட், முதல் வருஷ மாணவர்களைக் கென்டக்கி மாநிலத்துக் கிராமம் ஒன்றுக்கு அழைத்துப்போய் ஒரு சமூகக் கூடம் கட்டவைத்தாராம். அன்றிலிருந்து அங்கே அது வழக்கமாகிவிட்டது. 1993-ல் அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்து சாமுவேல் மாக்பீயும் டி.கே.ரூத்தும் 'ரூரல் ஸ்டூடியோ' என்று ஒன்றை ஆரம்பித்து மாணவர்களை ஏழைகள் வாழும் கிராமத்துக்கே குடிபோகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் வயதான ஒரு தம்பதிக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

"காகிதத்துல கோடு போடறது சுலபம் மாமா. அந்தக் கோட்டைத் தூக்கிப் பார்த்தாத்தான் கனம் தெரியும்னு எங்க சார் சொல்வார்" என்றான்.

சார் நல்ல சார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி முதல் ஞாயிறு ஆறு பேர் வந்து இறங்கினார்கள். நாலு பையன்கள், இரண்டு பெண்கள். முதல் வேலையாக அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பெண் - தடித்த கண்ணாடி போட்டவள் - நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தாள். வாடிக்கையாளரைப் பேட்டி காண வேண்டுமாம்.

"பாட்டி, இந்த ஸ்பேஸ்ல உங்க எக்ஸ்பெக்டேஷன்ஸ் என்ன?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன்: "உனக்கு என்னம்மா வேணும்?"

"வடாம் காய வெயில் வேணும். நான் உட்கார நிழல் வேணும். அங்கேருந்தே காக்காயை விரட்டணும். படி உசரமா வேண்டாம், முட்டி வலி."

கண்ணாடிப் பெண் அத்தனையும் எழுதிக்கொண்டாள். இதைவிடத் தெளிவாக எந்த வாடிக்கையாளரும் பேசியிருக்க மாட்டார் என்று இப்போதும் சொல்கிறாள்.

இரண்டு வாரத்தில் படம் தயார். கணினித் திரையில் அந்த மண்டபம் சக்கரமாகச் சுழன்றது. நாலு தூண், மேலே ஓடு, சுவர் கிடையாது. தூண்களைத் தரைக்குள் ஒன்றரை அடி கான்க்ரீட்டில் புதைத்துவிடுவார்களாம். அப்போதுதான் மரம் மண்ணிலிருந்து முளைத்த மாதிரி 'சுத்தமாக' இருக்குமாம்.

நான் முன்ஜாக்கிரதையாக அடுத்த தெரு ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் அவர் கை. எழுபதைத் தாண்டிவிட்டார். வந்தார். சட்டத்தை விரல் கணுவால் தட்டினார். மோந்து பார்த்தார்.

"நல்லா ஆறியிருக்கு சார். இத்தனை வருஷம் நிழல்ல கிடந்திருக்குல்ல? பச்சையா அறுத்துப் பூட்டியிருந்தா இந்நேரம் சுருங்கி மூட்டெல்லாம் வாயைப் பிளந்திருக்கும்."

மரத்தின் குணம் அது. ஈரம் போகப் போக அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அநேகமாக மாறாது. அதனால்தான் மூட்டுகள் விட்டுக்கொடுக்கின்றன. எட்டு வருஷமாகக் கார் வெயிலில் காய்ந்ததற்கு இப்படி ஒரு நியாயம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தைக் காட்டினார்கள். ஆசாரி தலைகீழாகப் பிடித்து, அப்புறம் நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"கான்க்ரீட்டுல புதைச்சா கால் அழுகிடும் தம்பி."

"ஏன் அங்கிள்?"

'அங்கிள்' என்பது தன்னைத்தான் என்று ஆசாரிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "மரத்தோட வெட்டு முனை இருக்கே, அது உறிஞ்சுகுழாயைக் கட்டுக் கட்டா நிறுத்தி வச்ச மாதிரி. தண்ணியை இழுத்துக்கிட்டே இருக்கும். தூணோட இறங்கற மழைத்தண்ணி கான்க்ரீட்டுக் குழிக்குள்ள போனா வெளியே வர வழி கிடையாது. வேம்பு கசப்பு, சீக்கிரம் பூச்சி தொடாது. ஆனா ஈரத்துக்குக் கசப்பு தெரியுமா?"

"கெமிக்கல் அடிச்சுடுவோம்" என்றான் அக்கா பையன்.

"செய்யுங்க" என்றார் ஆசாரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தொழில் தெரிந்தவர்கள் இப்படித்தான். ஒரு தரம் சொல்வார்கள்.

அடுத்த சனிக்கிழமை அறுப்பு. முதல் தூணைக் கண்ணாடிப் பெண்ணே அறுப்பேன் என்றாள். படத்தைப் பார்த்தாள். எட்டடி என்று இருந்தது. டேப்பைப் பிடித்தாள், பென்சிலால் கோடு போட்டாள், மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தாள். அறுப்பு வெண்ணெய் மாதிரி நேராக வந்தது. கைதட்டினோம்.

ஆசாரி மட்டும் தட்டவில்லை. கீழே விழுந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, புதைக்கிறதுக்கு எங்கே?"

எட்டடி என்பது தரைக்கு மேலே. தரைக்குக் கீழே போகிற ஒன்றரை அடி வேறொரு தாளில் இருந்தது. காகிதத்தில் தரை என்பது ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது அடுத்த பக்கம். மரத்துக்கு ஏது அடுத்த பக்கம்? ஒன்பதரை அடி இருக்க வேண்டிய தூண் எட்டடியாக நின்றது. ஒன்றரை அடி மண்ணில் கிடந்தது.

யாரும் பேசவில்லை. ஐந்தாவது சட்டம் கிடையாது. கடையில் வாங்கலாம். ஆனால் அது அப்பா நட்ட மரமாக இருக்காது. எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, நிறையவே வந்தது. சின்னப் பிள்ளைகளை நம்பி, எட்டு வருஷம் காத்த மரத்தைக் கொடுத்தேனே என்று இருந்தது. வாயைத் திறக்கப் போனேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். அவள் அழவில்லை. துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: "என்னடா, ரம்பச் சத்தத்தைக் காணோம்?"

"காபி குடிக்கிறோம்மா" என்றேன்.

ஆசாரி எழுந்தார். மற்ற மூன்று தூண்களையும் ஒரு பார்வை பார்த்தார். "இதையும் வெட்டிடலாம்" என்றார்.

"என்னது!"

"நாலும் எட்டடி. புதைக்க வேண்டாம். நாலு கருங்கல் எடுத்து, கல்லுல துளை போட்டு, இரும்புக் கம்பியை நட்டு, அது மேல தூணைச் சொருகி நிறுத்தலாம். பழைய வீட்டுத் திண்ணைத் தூணெல்லாம் எது மேல நிக்குது? கல்லு மேலதானே? மழை அடிச்சாலும் தண்ணி வழிஞ்சு போயிடும். கால் காஞ்சே இருக்கும்."

நான் கவனித்தது ஒன்றுதான். 'முதல் நாளே நான் சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. என் சர்வீஸில் நான் பார்த்த எந்த மேலதிகாரியும் அந்த வாக்கியத்தை விட்டுக்கொடுத்ததில்லை. நான் உள்பட.

அந்த நிமிஷத்திலிருந்து ஆசாரி 'அங்கிள்' இல்லை, 'தாத்தா' ஆகிவிட்டார்.

ஆனால் கதை முடியவில்லை. ஒன்றரை அடி போனதற்கு இன்னொரு வட்டியும் கட்ட வேண்டியிருந்தது. கல் வந்து, தூண் நின்று, மேலே நாலு பக்கமும் சட்டம் பூட்டியாயிற்று. பிள்ளைகள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரி ஒரு தூணில் ஒற்றை விரலை வைத்து லேசாகத் தள்ளினார். மொத்த மண்டபமும் பழைய டவுன் பஸ் மாதிரி ஆடியது.

புதைத்த தூணை மண் பிடித்துக்கொள்ளும். கல் மேல் நிற்கிற தூணை யார் பிடிப்பது? நாலு சட்டத்தை மூலையில் பூட்டினால் அது சதுரமாகவும் நிற்கும், தள்ளினால் சாய்சதுரமாகவும் போகும். மூலைக்குக் குறுக்கே ஒரு கட்டை கொடுத்து முக்கோணம் ஆக்கிவிட்டால் அசையாது. முக்கோணத்தின் மூன்று பக்கமும் நீளம் மாறாதவரை அதன் வடிவம் மாற முடியாது.

"இதுக்கு செகண்ட் இயர்ல பத்துக்குப் பத்து வாங்கினேன் அங்கிள்" என்றான் ஒரு பையன் என்னிடம், பரிதாபமாக.

"அப்புறம் ஏன்டா வைக்கலை?"

"பேப்பர்ல ஆடலையே."

தூணுக்கு இரண்டாக எட்டு குறுக்குக் கட்டை வேண்டும். நேரான கட்டையைக் கீழே இறக்கிக் கொடுத்தால் தலையில் இடிக்கும். மேலே ஏற்றினால் பலம் போதாது. ராத்திரி ஒன்பது மணிவரை வாதம். மனைவி நாலாவது தரம் காபி போட்டாள்.

கண்ணாடிப் பெண் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குள் போனாள். கோணல் கிளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து தூணுக்கும் சட்டத்துக்கும் இடையில் பொருத்திப் பிடித்தாள். முழங்கை மடித்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. தலையிலும் இடிக்கவில்லை.

"அடுப்புக்கு ஆகும்னு ஒதுக்கி வச்சேன்" என்றார் ஆசாரி. கிளையை வாங்கி ரேகையைத் தடவிப் பார்த்தார். "நேர்ப் பலகையை வளைவா அறுத்தா ரேகை நடுவுல அறுந்து போகும், அங்கேயே உடையும். இது தானா வளைஞ்சு வளர்ந்தது. ரேகையும் கூடவே வளைஞ்சு போகுது. இரும்பு மாதிரி நிக்கும். மரக்கப்பல் கட்டறவங்க இந்த மாதிரிக் கிளையைத்தான் தேடி அலைவாங்க. எனக்கு ஏன் தோணலை?"

அக்கா பையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தாத்தா, இங்கிலாந்துல ஹூக் பார்க்னு ஒரு காடு. லண்டன் ஆர்க்கிடெக்சர் ஸ்கூல் பசங்க அங்கேதான் கட்டிப் பழகுவாங்க. 2016-ல அவங்க இருபது கவட்டை மரத்தை எடுத்து, ஒவ்வொண்ணையும் ஸ்கேன் பண்ணி, எது எங்கே பொருந்தும்னு கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சு, ரோபோ கையால மூட்டு வெட்டி ஒரு பெரிய கொட்டகையே கட்டியிருக்காங்க!"

ஆசாரி பொறுமையாகக் கேட்டார். "ரோபோ வாங்க எவ்வளவு ஆவும் தம்பி?"

"லட்சக்கணக்குல ஆகும்."

"பாப்பா டார்ச்சு வச்சே கண்டுபிடிச்சுடுச்சே."

எட்டுக்கு ஐந்து கிளைதான் தேறியது. மீதி மூன்றும் நேர்க்கட்டை. மண்டபத்தைச் சுற்றி வந்தால் இப்போதும் எது எது என்று தெரியும்.

கழுந்து வெட்டும் வேலை இருந்தது. ஒரு கட்டையின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொன்றின் துளைக்குள் இறக்க வேண்டும். நாக்கு தடித்தால் துளை பிளக்கும், மெலிந்தால் ஆடும். ஆசாரி தன் உளியையும் கொட்டாப்புளியையும் கண்ணாடிப் பெண்ணிடம் கொடுத்தார். அவர் உளியை அடுத்தவர் தொட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் வேலை நடந்தபோது நான் ஆசையாக எடுத்ததற்கு, "சார், பேப்பர் படிங்க" என்று பிடுங்கி வைத்தவர்.

"உங்க பையனுக்கு இந்த வேலை தெரியுமா?" என்று கேட்டேன்.

"கூரியர் ஆபீஸ்ல இருக்கான் சார். நல்லதுதான். உளி பிடிக்கிறவனுக்கு எவன் பொண்ணு கொடுக்கறான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டு, "படிக்கிற பொண்ணுக்கு உளி மேல ஆசை. உளி பிடிக்கிறவன் பையனுக்கு ஆபீஸ் மேல ஆசை. எப்படியோ கைக்குப் போய்ச் சேர்ந்தா சரி" என்றார்.

கடைசியாக ஓடு. பழைய மங்களூர் ஓடு இருநூறு வாங்கினோம். ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல். மொத்தம் அரை டன்னுக்குக் கிட்டத்தட்ட. ஆறு பேரும் வரிசையில் நின்று கை மாற்றி ஏற்றினார்கள். அக்கா பையன் சாயந்திரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் படுத்தான்.

"கோட்டோட கனம் தெரிஞ்சுதா?" என்றேன்.

"தெரிஞ்சுது மாமா. அயோடெக்ஸ் இருக்கா?"

பத்து நாள் வேலை என்று ஆரம்பித்தது ஏழு சனி ஞாயிறு ஆனது. வடகிழக்குப் பருவமழைக்கு மூன்று நாள் முன்னால் முடித்தார்கள். கல்லூரியிலிருந்து சார் வந்தார். படத்தையும் மண்டபத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கல் படத்துல இல்லை. கோணல் கட்டை படத்துல இல்லை. படத்துல இருக்கிற அஸ்திவாரம் இங்கே இல்லை" என்றார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சார் ஒரு தூணில் ஒற்றை விரலை வைத்துத் தள்ளினார். அசையவில்லை. ஆசாரியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

"கட்டினதை அப்படியே புதுசா வரைஞ்சு கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரைந்தார்கள். தாளின் மூலையில் கட்டம் கட்டி வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர் என்று போட்டிருக்குமே, அதில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கண்ணாடிப் பெண் ஆசாரியிடம் கையெழுத்துக் கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, முழுப்பெயரையும் தமிழில் போட்டார். நம் நாட்டில் 1972-ம் வருஷச் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். "உங்களை மாதிரி ஆளுங்க கையெழுத்துப் போட்டா பதிவு நம்பரும் போடணும் தாத்தா" என்று ஒரு பையன் வம்புக்கு இழுத்தான்.

ஆசாரி யோசித்தார். "ரேஷன் கார்டு நம்பர் போடட்டுமா?"

சார் அந்தக் கையெழுத்தை அடிக்கவில்லை. மார்க்கும் குறைக்கவில்லை.

கார் ஷெட் காலியாகிவிட்டதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. சனிக்கிழமைதோறும் கண்ணாடிப் பெண்ணும் இரண்டு பையன்களும் வந்து ஆசாரியிடம் அங்கே தொழில் கற்றுக்கொள்கிறார்கள். கார் வெயிலில்தான் நிற்கிறது. மனைவி ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கு ஒரு அரிவாள்மணைப் பலகை செய்து கொடுத்திருக்கிறார்கள்.

சரி, அந்த ஒன்றரை அடி?

முதல் தூணில் விழுந்தது ஒன்று, மற்ற மூன்றிலும் வெட்டியது மூன்று. ஆக நாலு துண்டு. ஆசாரி அதை எறியவில்லை. கடைசி நாள், மீந்த பலகையை மேலே போட்டு, நாலையும் காலாக வைத்து ஒரு பெஞ்சு செய்தார். ஒரு ஆள் முட்டி வலிக்காமல் உட்கார்ந்து எழுந்திருக்க எவ்வளவு உயரம் வேண்டும் என்று டேப் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு அங்குலம். சரியாக ஒன்றரை அடி.

நேற்று நல்ல மழை. அம்மா அதில்தான் உட்கார்ந்திருந்தாள். காக்காய் இல்லை, வடாம் இல்லை. ஓட்டிலிருந்து வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துத் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"உள்ளே வாயேன்மா, சாரல் அடிக்குது" என்றேன்.

"இருடா" என்றாள். "மரத்தடியில உட்கார்ந்து ரொம்ப நாளாச்சு."